பதினோராவது நெகட்டிவ்

மனைவி இறந்தபின் ஆனையூர் வீட்டில் தனியாக இருந்த ஞானசீலன், 2006இல் கோரிப்பாளையத்து ஸ்டுடியோ ஒன்றில் பெரிய மரக் கேமராவும், காலாவதியாகிப் பதினெட்டு வருடமான ஃபிலிம் பெட்டியும் வாங்கினார். பெட்டியில் பத்து ஃபிலிம் தாள்கள் இருந்தன; தாளுக்கு ஒரு படம். ஒரு சனிக்கிழமை காலையில் திருவாதவூர் வயல்வெளிக்குப் போய்ப் பத்தையும் எடுத்தார். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை.

வீட்டிலேயே கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். பதினொன்று இருந்தன.

கடைசிப் படத்தில் அவரே இருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கேமராவின்மேல் குனிந்திருந்தார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று யாரோ எடுத்திருந்தார்கள்.

கோவையிலிருந்த மகள் ஜெனிக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பினார். உடனே போன் வந்தது.

“படம் நல்லா விழுந்திருக்குப்பா. கூட யாரு வந்தது?”

“யாரும் வரலம்மா.”

“அப்ப எடுத்தது யாரு?”

“தெரியல. ஆனா எம்புட்டுப் பொறுமையா எடுத்திருக்காங்க பாரு. துளிகூட ஆடல.”

மறு சனிக்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அணிந்து, தலையைப் படிய வாரிக்கொண்டு அதே வயலுக்குப் போனார். வரப்பில் கேமராவை நிறுத்தினார். துணிக்குள் தலையை விடவில்லை. பின்னால் திரும்பி, வெறும் வயலைப் பார்த்துச் சிரித்த முகமாக, அசையாமல் நின்றார்.