வலது ஓரம்

வேலை தெரியாதவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்டே செய்யாமல் இருப்பவர்களை என்ன செய்வது?

தையல் கம்பெனி சூப்பர்வைசருக்கு அந்த ஆத்திரம்தான். கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் அம்மா மாதாமாதம் அடித்துத் தரும் ரிப்போர்ட்டில் வலது ஓரம் மட்டும் வராது. பெயர் வரும், தைத்த உருப்படி வரும், லீவு வரும். கடைசிக் கட்டம் வருவதற்குள் தாள் முடிந்துவிடும்.

முக்கியமே அந்தக் கடைசிக் கட்டம்தான். வேலை நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வெளியே இருந்தார்கள் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. கார்டைக் காட்டினால்தான் ஹால் கதவு திறக்கும். போவதும் வருவதும் தானாகப் பதிவாகிவிடும். அதிகம் வெளியே சுற்றுகிறவர்களை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று மேனேஜருக்கு யோசனை சொன்னதே சூப்பர்வைசர்தான்.

அவருடைய குறி, காலர் தைக்கும் பிள்ளைத்தாய்ச்சி மேல். "இவ தைக்க வர்றாளா, நடக்க வர்றாளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு அவளை அழவைத்திருக்கிறார். புருஷனுக்கு வேலை போய்விட்டது, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் தெரிந்தும்தான்.

தாளைக் குறுக்குவாட்டில் போட்டு அடியுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொல்வார்.

அன்று பிரிண்டர் மெக்கானிக் வந்தார். பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தது. அகலமான ரிப்போர்ட் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் தானாகவே குறுக்குவாட்டில் திருப்பி அடித்துவிடுமாம். நெடுக்குவாட்டில்தான் வேண்டும் என்று யாராவது வேண்டுமென்றே மாற்றி வைத்தால்தான் இப்படி வெட்டுப்படுமாம்.

வந்ததே கோபம். ஓட்டமும் நடையுமாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். இத்தனை மாதமாக என் காதில் பூ சுற்றினீர்களா, உண்ட வீட்டுக்கே ரெண்டகமா, மேனேஜரிடம் சொல்லி இன்றைக்கே உங்கள் சீட்டைக் கிழிக்கிறேனா இல்லையா பாருங்கள் என்று கத்தித் தீர்த்தார்.

அந்த அம்மா பதறவே இல்லை.

"ஆமா சார், நான்தான் மாத்தி வச்சேன்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"யாரையும் கேக்கலை. வயித்துப்பிள்ளைக்காரி பாத்ரூம் போறதுக்கெல்லாம் கணக்குப் பாத்து, அவ சோத்துல மண்ணைப் போடறது எனக்குப் பிடிக்கலை."

என்ன திமிர் பாருங்கள்! கம்பெனி சம்பளத்தை வாங்கிக்கொண்டு கம்பெனிக்கே நியாயம் சொல்கிறார்.

"இப்ப என் கண்ணு முன்னால குறுக்குவாட்டுல அடிங்க."

வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். சூப்பர்வைசர் மேஜையை ஓங்கித் தட்டினார். அந்த அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். விசைகளைத் தட்டினார். தாள் குறுக்குவாட்டில் வந்து விழுந்தது. வலது ஓரம் முழுசாக இருந்தது.

சூப்பர்வைசர் தாளைப் பறித்தார். கடைசிக் கட்டத்தில் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேடிப் பிடித்து, அது யாருடையது என்று விரலை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார்.

விரல் அவருடைய பெயரில் போய் நின்றது.

சிகரெட்டுக்கு, டீக்கு, போன் பேச, சும்மா காற்று வாங்க என்று போனதெல்லாம் ஒன்று விடாமல் ஏறியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் கணக்கு அதில் பாதிகூட இல்லை.

"நான் சூப்பர்வைசர்மா... எனக்கும் எதுக்கு இந்தக் கணக்கு?"

"அது கதவுக்குத் தெரியாதே சார்."

அப்போது மேனேஜர் உள்ளே தலையை நீட்டினார். உள்ளே ஒரே சத்தமாக இருந்ததே, கடைசிக் கட்டம் வந்துவிட்டதா என்று ஆவலாகக் கேட்டார்.

சூப்பர்வைசர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"வரலை சார். பக்கத்துலயே நின்னு பாத்துட்டேன். பாவம், இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை. அந்தக் கணக்கே நமக்கு வேண்டாம் சார், மனுஷன்னா நாலு தடவை வெளிய போகத்தானே செய்வான்!"