மறுபடியும் விழுந்துட்டாங்க

மருமகள் மாமியாரின் தோளைப் பிடித்திருந்த விதம் எலும்புப் பிரிவு சிஸ்டருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இடது கையால் ஒரே இறுக்காக இறுக்கி, தள்ளாத குறையாக நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மறுபடியும் விழுந்துட்டாங்க சிஸ்டர். குளிக்கிற இடத்துல வழுக்கிடுச்சு."

"ஏன், அவங்களுக்கு வாய் இல்லையா? அவங்களே சொல்லட்டும்."

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எலும்பு பலமிழந்து போனவர்கள் அத்தனை பேரும் சிஸ்டரின் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு மாத்திரை, வெறும் வயிறு, டம்ளர் நிறையத் தண்ணீர், போட்டதும் படுக்கக்கூடாது என்று எல்லாரையும் விரட்டி விரட்டி வேலை வாங்குவார். மாத்திரை போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தவர்கள் அவரைக் கண்டால் எதிர்ச் சுவர் ஓரமாக நழுவுவார்கள். ஆனால் இன்றைக்குப் பயம் சிஸ்டருக்கு.

பின்னே, பயம் வராதா? இந்த அம்மா விழுந்தேன் என்று வருவது ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. இந்த எலும்பை வைத்துக்கொண்டு இடுப்பை முறித்துக்கொண்டால் அப்புறம் படுத்த படுக்கைதான். எழுந்து நடப்பார் என்று எந்த டாக்டரும் சத்தியம் பண்ண மாட்டார்.

முதுகு, இடுப்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். "இங்க வலிக்குதா?"

"ம்... வலிக்குது."

"இங்க?"

"அங்கயும்தான்."

வீக்கம் இல்லை. கன்றிப்போன தடம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. பரவாயில்லையே, நாம் கொடுத்த மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அந்தப் பயத்திலும் சிஸ்டருக்கு ஒரு சின்னப் பெருமை.

"எதுக்கும் எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடலாம்."

அதற்குள் மருமகளின் போன் அடித்தது. தேள் கொட்டினவள் போலத் துள்ளினாள். "இதோ முடிஞ்சிடுச்சுங்க... மாத்திரை வாங்கினதும் வந்துடறோம்" என்றாள். எப்போது இவரை இழுத்துக்கொண்டு போகலாம் என்று பறக்கிறாள் பார், என்று சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மகன் வண்டியின் மேல் சாய்ந்தபடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான். தங்கமான பிள்ளை. அம்மா விழுந்தாள் என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான். வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

விழுந்தேன் என்று வருகிறவர்களை ஒரு தடவையாவது தனியாக வைத்து விசாரிப்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். ஈரத் தரையா, இருட்டா, தூக்க மாத்திரையா, இல்லை வேறு யாராவதா என்று கேட்டாக வேண்டும். கூட வந்தவர் பக்கத்தில் நின்றால் எவர்தான் உண்மையைச் சொல்வார்?

"நீ போய் மருந்து கொடுக்கிற இடத்துல கால்சியம் மாத்திரை வாங்கிட்டு வா."

மருமகளின் முகம் வெளிறியது. கொதிக்கிற வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் மூடியிருந்த சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அத்தையைத் தனியா விட்டுட்டா? வேண்டாம் சிஸ்டர். எது கேட்டாலும் என் எதிர்லயே கேளுங்க."

மாட்டிக்கொண்டாயா மகளே, என்று நினைத்துக்கொண்டார் சிஸ்டர். "போன்னா போ. நான் என்ன உன் மாமியாரைக் கடிச்சா தின்னுடுவேன்?"

வாசலில் அவள் திரும்பினாள். சொல்லாதே என்பது போல மாமியாரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனாள். சிஸ்டர் உடனே கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"அம்மா, பயப்படாதீங்க. இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. வழுக்கி விழுந்தேன்னு சொல்றதெல்லாம் பொய்தானே?"

மாமியாரின் உதடு துடித்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆமாம் என்று தலையாட்டினார்.

"நெனச்சேன்! எத்தனை நாளா நடக்குது?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

"கடவுளே! எல்லாம் உங்க மருமகளால வந்ததுதானே?"

"அவ பாவம்மா. சொன்னா கொன்னு போட்டுடுவாங்கற பயத்துலயே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அட, இவ்வளவு பட்டும் அவளுக்கே பரிந்து பேசுகிறாரே! இனி ஒரு நிமிஷம்கூட இவரை அவளோடு அனுப்பக்கூடாது. "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க பிள்ளை வெளியிலதான் நிக்கிறாரு. அவரையே கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிடறேன்."

ஜன்னலை நோக்கித் திரும்பியவரை ஒரே தாவில் வந்து பிடித்தார் மாமியார். அந்த வேகத்தைப் பார்த்தால் விழுந்து அடிபட்ட உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஐயோ, அவனைக் கூப்பிட்டுடாதீங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்த எக்ஸ்ரேயை அவளுக்கு எடுங்க. வலது கை."

"அவளுக்கா? விழுந்தது நீங்கதானேம்மா?"

மாமியார் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எங்கேம்மா விழுந்தேன்? எனக்கு அடிபட்டாத்தான் என் மகன் அவளை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க விடுவான்."