நொண்டாத ஆடு

“அந்தக் குற்றவாளியப் புடிச்சு ஏத்து டில்லிபாபு. இன்னையோட இந்தப் பீடை ஒழியட்டும்,” என்றார் பாண்டுரங்கன்.

ஆட்டு வியாபாரி டில்லிபாபு, குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கால்மணி நேரமாகப் பட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். கருமூஞ்சிச் செம்மறி அவருடைய கைக்கு எட்டுவதும் நழுவுவதுமாக இருந்தது.

மற்ற பதினோரு ஆடுகளும் நொண்டின. சில, நிற்க மாட்டாமல் முன்கால்களை மடித்து மண்டியிட்டே புல்லைக் கடித்தன.

“நல்லா ஓடுற ஆட்டப் போயி விக்கிறியேணா?” மூச்சிரைக்கக் கேட்டார் டில்லிபாபு.

“கொரோனா அப்ப இன்னா நடந்துச்சு? இருமாம திரிஞ்சவன்தான் எல்லாருக்கும் பரப்புனான். இதுவும் அந்த ஜாதிதான். நோவ மத்ததுக்குக் குடுத்துட்டு, தான் மட்டும் ஜாலியா சுத்தினு கீது.”

எதையும் மூலகாரணம் வரை போய்ப் பார்ப்பது பாண்டுரங்கனின் வழக்கம். ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்து, மயிரிழை பிசகிய பொருளையும் திருப்பி அனுப்பியவர் அவர். விருப்ப ஓய்வு பெற்று ஆடு வளர்க்க வந்த பிறகும் அந்த ஒழுங்கை அவர் கைவிடவில்லை. தொட்டித் தண்ணீரை மாற்றுவார், புழுக்கையை அள்ளுவார், ஒவ்வோர் ஆடாகப் பிடித்து, எஃகு அளவுகோலை வைத்துக் குளம்பை ஒரே மட்டமாகச் சீவுவார், பிறகு மயில்துத்தக் கரைசலில் காலை நனைப்பார். மாதம் ஒருமுறை செய்துவந்ததை, நொண்டல் கூடிய பிறகு வாரம் ஒருமுறை ஆக்கினார்.

அப்படியும் மூன்று மாதமாக ஓர் ஆடுகூட நேராக நடக்கவில்லை. கோமாரிக்கு ஊசி போட்டாயிற்று. குளம்பு அழுகலுக்கு மருந்து அடித்தாயிற்று. ஏரியை ஒட்டிய தொழிற்சாலை வேலியோரம் இரும்புச் சீவல் ஏதேனும் கிடக்குமோ என்று, கழியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலம் முழுவதும் நடந்தார். துருப்பிடித்த ஆணிகள் இரண்டுதான் அகப்பட்டன.

நேற்று மற்ற ஆட்டுக்காரர்கள் ஒன்றாக வந்து, “சரியாவுற வரைக்கும் ஏரியாண்ட ஓட்டினு வராதே,” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏரியை விட்டால் மேய்ச்சலுக்கு வேறு இடம் இல்லை. ஆடுகள் தேறாவிட்டால் பட்டியையே கலைத்துவிட வேண்டியதுதான்.

டில்லிபாபு இன்னும் ஆட்டைத் துரத்திக்கொண்டிருக்க, முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிய பாஞ்சாலி, கால்நடை மருத்துவர் கலைமதியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள்.

“உன் ஆராய்ச்சி போதும். கொஞ்சம் ஓரமா நில்லு,” என்றாள் கணவனிடம்.

மருத்துவர் ஓர் ஆட்டை மடக்கி உட்கார வைத்து, காலைத் தூக்கி முகர்ந்தார். குளம்பின் பிளவை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலால் அடிப்பாதத்தை அழுத்தியதும் ஆடு துள்ளித் துடித்தது. பதினோரு ஆடுகளையும் அவ்வாறே பார்த்து முடித்தார்.

“அழுகல் இல்ல, வாடை இல்ல, வாயிலயும் புண்ணு இல்ல. தொத்து நோய் எதுவுமே இல்ல சார்.”

பாண்டுரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தொத்தே இல்லாம பதினோரு ஆடும் எப்டிங்க ஒண்ணா நொண்டும்? மூணு மாசமா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ண நான் பாக்கல. இதுக்கு மேல ஒரு மனுசன் இன்னாதான் செய்வான்?”

“புடிச்சிட்டேன்!” என்று கத்தினார் டில்லிபாபு. கருமூஞ்சி அவருடைய பிடியில் திமிறிக்கொண்டிருந்தது.

“அத இப்டி தூக்கினு வா,” என்றார் பாண்டுரங்கன். “பாருங்க டாக்டர். இதுவும் அந்த ஏரியிலதான் மேயுது, இதே பட்டியிலதான் படுக்குது. இது மட்டும் ஏன் நொண்டல?”

மருத்துவர் அதன் காலைத் தூக்கினார். குளம்பின் ஓரங்கள் மேடும் பள்ளமுமாக, தம் போக்கில் வளர்ந்திருந்தன. அடிப்பாதத்தை அழுத்தினார், ஆடு அசைபோட்டுக்கொண்டே நின்றது.

பரிசோதனையில் தவறிய பொருளைப் பார்ப்பவர்போல் பாண்டுரங்கன் கூசிப்போனார். “தப்பா நெனைக்காதீங்க டாக்டர். சனியன், ஒரு வாட்டிகூட என் கையில சிக்குனதில்ல.” அவசரமாக இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். “இப்பவே மட்டம் பண்ணிடறேன்.”

கலைமதி அந்தக் கத்தியை வாங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இது ஒண்ணுக்குத்தான் சார், நீங்க வைத்தியம் பாக்கல.”