முந்தியவன் வைத்த பெயர்

பெரிய மனிதர் பெயரைப் புதிய உயிரினத்துக்குச் சூட்டுகிறவன் விஞ்ஞானியே அல்ல, அவருக்குக் குடை பிடிக்கிறவன் என்று இந்தியாவில் முதன்முதலில் அறிவித்தவன் நான்தான்.

அறிவித்த இடம் மண்டபம், ஹாஜா முகைதீனின் வாப்பா சங்கு குவித்து வைத்திருந்த கிட்டங்கி. வருடம் 1958. கேட்டவன் ஹாஜா ஒருவன்தான். போதும் என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் மெட்ராஸில் நிலவியல் படித்தோம். பேராசிரியர் தணிகாசலம் இமயமலையிலிருந்து ஒரு பெட்டி கல் கொண்டுவந்திருந்தார். கல்லுக்குள் டிரைலோபைட். கரப்பானையும் நண்டையும் கலந்த மாதிரி ஒரு கடல் பிராணி. ஐம்பது கோடி வருடத்துக்கு முன் வாழ்ந்து வம்சமே அற்றுப்போனது.

அதில் இரண்டு வகைக்கு இன்னும் பெயரில்லை. பதின்மூன்று கணு உள்ளது ஹாஜாவுக்கு, பதினான்கு உள்ளது எனக்கு. கிராமபோன் ஊசியால் ஆறு மாதம் சுரண்டினோம்.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அசிங்கம். அதனால் ஒப்பந்தம்: அவனுடையதற்கு என் பெயர், என்னுடையதற்கு அவன் பெயர். சவேரியாரி. முகைதீனி. சங்கின் மேல் கைவைத்துச் சத்தியம்.

கோடை விடுமுறையில் அவன் கட்டுரை அச்சாகித் தபாலில் வந்தது. ஹாஜா என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தை நீட்டினான்.

'தணிகாசலமி' என்று இருந்தது.

இரண்டு முறை படித்தேன். கிட்டங்கியின் நாற்றம் அன்றைக்குத்தான் என் மூக்கில் ஏறியது.

"துறையில வேலை ஒண்ணுதான் காலி, மாப்ள. வாப்பா தெனமும் கேக்குறாரு."

"ஏலே, அம்பது கோடி வருசம் காத்துக் கெடந்த ஜீவன்லே அது! அதுக்குப் போயி அந்தாளு பேரா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "ஒங் கட்டுரையில எம்பேரை அடிச்சிரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"ஒம் பேரை நான் அடிக்க மாட்டேன்லே" என்றேன். சொன்னபடியே அடிக்கவில்லை.

அன்று மத்தியானமே பாம்பன் தபாலாபீசுக்குப் போனேன். வழி முழுக்க அவன் செய்த துரோகத்தையே எண்ணினேன். நண்பன் என்று நம்பியவன் இப்படியா முந்திக்கொள்வான்?

திருத்தி அனுப்பச் சொல்லி வந்திருந்த என் கட்டுரையின் அச்சுப்படியை உறையிலிருந்து உருவினேன். இரண்டு பிராணியும் ஒரே பேரினம். ஒரு பேரினத்துக்குள் ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது. முதலில் அச்சேற்றியவனுக்கே பெயர்.

போன மாதம் நான் எழுதியிருந்த 'தணிகாசலமி'யைக் கோடு போட்டு அடித்தேன்.

பக்கத்தில் தபாலாபீஸ் பேனாவால், மை சொட்டாமல், பேராசிரியரின் மனைவி உமையாளின் பெயரை எழுதினேன்.