ஒரு ஸ்பூன் பால்

“எங்கப்பா வாயில கடைசியா பால் ஊத்துனது யாருங்க?”

தனசேகரன் சத்தம் போடவில்லை. அதுதான் நர்ஸ் ரஜியாவுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. கத்துகிற ஆளை வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே அனுப்பிவிடலாம். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்து, தணிந்த குரலில் கேட்கிறவனை என்ன செய்வது?

அவனுக்குப் பின்னால் தம்பி பூமாலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கடைவீதி ஜவுளிக்கடையின் பை ஒன்றை மார்போடு அணைத்திருந்தான். போன வருடம் ஒருத்தர் இதே மாதிரிப் பையில்தான் கல்லைக் கொண்டுவந்து வார்டு கண்ணாடியை உடைத்தார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு வரை இந்த ஐசியூவில் மூன்றாம் நம்பர் படுக்கையில் இருந்தவர் இவர்களுடைய அப்பா தெய்வசிகாமணி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி. வாதம் வந்து விழுந்தவர். ‘வாய் வழியாக எதுவும் தரக்கூடாது’ என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

சேர்த்த ஒன்பதாம் நாள் மதியம் பெரியவர் கண்ணைத் திறந்து, “கொஞ்சம் பால் குடும்மா” என்றார். குழறலாகத் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். மனசு பொறுக்காமல் ரஜியா தன் பிளாஸ்கிலிருந்து ஒரு ஸ்பூன் ஊட்டிவிட்டாள். அரைமணி நேரத்தில் அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

“பாலா? ஐசியூல யாரும் பால் குடுக்க மாட்டாங்களே,” என்றாள்.

“பக்கத்து பெட்டு அம்மா பாத்துருக்காங்க. நர்சம்மா ஒருத்தங்க ஊத்துனாங்கன்னு சொன்னாங்க.”

“அவங்களே மயக்கத்துல இருந்தாங்க. எதையோ பாத்துட்டு எதையோ சொல்றாங்க.”

“அப்பாவுக்கு நாங்க ரெண்டு பேருதாங்க. அந்த நேரத்துல ரெண்டு பேருமே மில்லு கேட்டுல கரும்பு லோடோட நின்னுக்கினு இருந்தோம். அதான், யாருன்னு தெரிஞ்சே ஆகணும்.”

பூமாலை அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தான். “உங்க வூடு எங்கங்க? வூட்டுக்காரர் பேரு இன்னா?”

வீட்டுக்காரரை எதற்கு இழுக்கிறான்? “அதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?”

“வூட்டுக்கே வந்து, உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கினுதான் பேசணும். இங்க பேசறது மொறை இல்லீங்க.”

ஆட்களோடு வருவார்கள். தெருவே கூடும். கணவர் கரீமின் கடை வாசலில் நின்று, உன் பெண்டாட்டி எங்கள் அப்பாவைக் கொன்றுவிட்டாள் என்பார்கள். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அந்தப் பேச்சை எப்படித் தாங்குவது?

அதற்குமேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“நான்தாங்க ஊத்துனேன்,” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “கெஞ்சிக் கேட்டாரு. தப்புன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். போலீசுக்குப் போறதுன்னா போங்க. எங்க வூட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க.”

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூமாலை பைக்குள் கையை விட்டான். ரஜியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வெளியே வந்தது ஒரு புடவை. அரக்கு நிறம், மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. அதன்மேல் வெற்றிலை பாக்கை எடுத்து வைத்தான்.

“ஒம்பது நாளு நீங்க பாத்துக்கினத நாங்க பாத்தோம்,” என்றான் தனசேகரன். “ஆனா உயிரு போறப்ப வாயில பால் ஊத்த ஒரு புள்ள கூட இல்லாம போயிட்டாரேன்னு ரெண்டு பேரும் அழுதுக்கினே இருந்தோம். நேத்துதான் அந்தம்மா சொல்லித் தெரிஞ்சுது.”

தனசேகரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஞாயித்துக்கிழம காரியம். பொண்ணு வராம எப்படி நடத்தறது, தங்கச்சி?”