காய் வாங்கப் போனவள்

கமலவேணி அன்றைக்கும் கூடையை இடுக்கிக்கொண்டு கல்லங்குறிச்சிச் சாலையில் இறங்கிவிட்டாள். அரியலூர்ச் சந்தையில் காய் மலிந்து கிடக்க, வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து தோட்டத்திலேயே போய் வாங்குகிறவளைத் தெரு சும்மா விடுமா?

கேட்டால், "ஆட்டுக்கிடை போட்ட மண்ணு, காய் தேனா இருக்கு" என்பாள். தேன் காயில் இருக்கிறதா தோட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் தெருவின் சந்தேகம். கமலவேணிக்குக் கல்யாண வயதில் சாந்தா என்று ஒரு மகள். தோட்டக்காரர் சிங்காரவேலுவுக்குப் பட்டாளத்தில் பழனிவேல் என்று ஒரே மகன். சண்டை முடிந்து, போனவர்கள் ஒவ்வொருவராக ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எங்கள் தெருவுக்குச் சிலேட்டு வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு ரத்தினம்மாளுக்கு மட்டும் காதால் கேட்டது போதவில்லை. அவளும் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்ன கமலவேணி, சம்பந்தி வூட்டுக்குத் தனியாவா போற? தொணைக்கு நான் வரேன்."

கமலவேணி கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

"மாப்புள என்னைக்கு வராராம்? எங்கிட்ட சொன்னா கண்ணு பட்டுடுமா?"

கமலவேணி நின்றுவிட்டாள். "அவன் வர மாட்டான்க்கா."

"என்னடி சொல்ற?"

"மலேயாவுலயே போய்ச் சேந்துட்டான். அதே பட்டாளத்துல இருந்த என் தம்பி மடியிலதான் உசுரு போச்சாம். திருச்சி ஆஸ்பத்திரில தம்பியப் பாக்கப் போனப்ப சொன்னான். பெத்தவ காதுல பக்குவமா போட்டுருன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். நானும் சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் போறேன். வாய் வரமாட்டேங்குது. காய வாங்கிக்கிட்டு வந்துடறேன்."

ரத்தினம்மாள் கையை நீட்டிக் கமலவேணியின் கூடையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

தோட்டத்தில், கிணற்றடி வேம்பின் நிழலில் கயிற்றுக்கட்டில் போட்டுச் சிங்காரவேலு படுத்திருந்தார். நெஞ்சுவலி கண்ட உடம்பு. கெட்ட சேதி எதுவும் காதில் விழக் கூடாது, விழுந்தால் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அந்தக் காதுதான் அவருக்குக் கொஞ்சமும் கெடவில்லை. படல் திறக்கிற சத்தத்துக்கே கேள்வி வந்துவிடும்.

"யாரு, கமலவேணியா? நேத்து ரயில்ல பட்டாளத்து ஆளுங்க எறங்குனாங்களா தாயி?"

"இல்லீங்க."

"வந்துருவான், வந்துருவான். கப்பல் கெடைக்கணுமில்ல?"

அவர் மனைவி பாப்பாயி கட்டிலை ஒட்டிய பாத்தியில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். எந்த வேலையானாலும் அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் அவள் செய்வாள்.

"பாப்பாயிக்கா, கொஞ்சம் கீரைப்பாத்திப் பக்கமா வாங்களேன்."

"கீரைதான வேணும்? நீ ஏன் வெயில்ல போற? நான் கிள்ளியாறேன், இங்கியே நில்லு."

கீரை வந்தது. பிறகு பாப்பாயி தொரட்டியை எடுத்து முருங்கைக்காய் பறித்தாள். பழனிவேல் ஊன்றிவிட்டுப் போன மரம் அது. அவன் வந்துதான் பறிக்க வேண்டும் என்று, முற்றி வெடித்தாலும் யாருக்கும் ஒரு காய் தராமல் வைத்திருந்தாள். கமலவேணி முதல் தடவை வந்து பேச்சு வராமல் நின்றுவிட்டுத் திரும்பினாளே, அதற்கு மறுநாள்தான் அந்த மரத்தில் தொரட்டி ஏறியது. டவுன் வாடிக்கை கிடைத்ததும் பாப்பாயிக்குக் காசு ருசி கண்டுவிட்டது என்று தெரு தீர்ப்புச் சொல்லியிருந்தது.

"ஏ புள்ள, அவனுக்கு நாலு காய வுட்டு வையி" என்றார் சிங்காரவேலு.

"உச்சியில எக்கச்சக்கம் கெடக்கு. ஒங்க மவன் ஏறிப் பறிச்சுக்கட்டும்."

"முருங்கையில ஏறச் சொல்றியா? புள்ள வந்ததும் காலை ஒடிக்கிறதுக்கா?" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பாப்பாயி நெஞ்சைத் தடவிவிட்டாள்.

ரத்தினம்மாள் கமலவேணியைப் பார்த்தாள். பிறகு கட்டிலருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, எங்க தெருக் கூத்தக் கேட்டீங்களா?" என்று ஊர்வம்பு அத்தனையையும் உரத்த குரலில் அவிழ்த்துவிட்டாள். அந்த வாயால் ஒருத்திக்கு உபகாரம் நடக்கும் என்று யார் கண்டது?

அவர் காது அந்தப் பக்கம் போன நேரம். பாப்பாயி கூடையைத் தூக்கிக்கொண்டு படல்வரை வந்தாள். இதைவிட்டால் வேளை வாய்க்காது.

"அக்கா... என் தம்பி..." என்று தொடங்கினாள் கமலவேணி.

"கொசுறுக்குக் கறிவேப்பிலை வெச்சிருக்கேன், பாத்துக்க." பாப்பாயி கூடையை அவள் இடுப்பில் ஏற்றினாள். ஏற்றிய கை கூடையை விட்டு விலகவில்லை.

கமலவேணிக்கு அன்றைக்கும் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, போயிட்டு வரேன்" என்றாள்.

பாப்பாயி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். சிங்காரவேலு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எழவு வூட்டுல சொல்லிக்கிட்டுப் போவக் கூடாது தாயி."