ரோபோ மட்டும் வேண்டாம்

மழையில் ஒரு வாரம் மூடிக் கிடந்த கந்தப்பளைத் துணிக்கடையை ஸஃப்வான் முதலாளி அன்றுதான் திறந்தார். யோகராஜ் முதல் ஆளாக வந்து நின்றான்.

“அதே கார்ட்டூன் டீசேர்ட்டா? தீபாவளிக்குத்தானே நாலு வாங்கிட்டுப் போன! சாயம் போயிருச்சா?”

“இல்லீங்க முதலாளி.”

“குடும்பமே அந்த விண்வெளிக் கார்ட்டூனைப் பார்த்துப் பைத்தியமாயிட்டீங்க!”

யோகராஜ் லேசாகச் சிரித்தான். “மக கேப்டன். மகன் பைலட். வீட்டுக்காரி டொக்டர். வீட்டுல யாரும் பேரு சொல்லியே கூப்பிடுறதில்லீங்க.”

முதலாளி மூன்றையும் தேடி எடுத்தார். “ரோபோ வேணாமா?”

யோகராஜ் ஜாக்கெட்டைத் திறந்தான். உள்ளே சேறு அப்பிய ரோபோ டீசேர்ட்.

“அது நான்தாங்க. எல்லாக் கதையிலயும் அது மட்டும் தப்பிச்சிருமாம்.”

“அவங்களோட பழசு எங்க?”

“போட்டிருக்காங்க.”

“அப்ப இது எதுக்குப்பா?”

“எங்க தோட்டத்து லயத்து வீட்டு மேல மண்ணு சரிஞ்சப்ப அதைத்தான் போட்டிருந்தாங்க. மூணு பேரும் கிடைக்கல. இன்னைக்குத் தோண்டுறதை நிறுத்திட்டாங்க. வெறும் பொட்டிய எப்படிங்க முதலாளி பொதைக்கிறது?”